கோழி வளர்ப்பும் கொத்து வரிசையும்

முன்னுரை

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. தாயின் கண்டிப்பு பிள்ளைக்குத் தீங்கு செய்யாது என்பது அதன் பொருள். பழமொழி உண்மைதான். ஆனால் தாய்க்கோழி மிதித்துச் சாகாத குஞ்சு, வேறு கோழி கொத்திச் சாகும் என்பதை நான் என் கண்ணாலேயே கண்டேன். அந்தச் சாவுக்குக் காரணம் கொத்திய கோழி அன்று. விவரம் அறியாமல் குஞ்சை அங்கே விட்ட நான்தான். என்னைப்போல் இன்னொருத்தி அப்பிழையைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பெரிய தோட்டம் கிடையாது. வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல், சிறிது வெற்றிடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஐந்து பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்கின்றன. முட்டை விற்ற காசை அம்மா சிறுவாடாகச் சேர்த்து வைப்பார்கள். எனக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்குவது பெரும்பாலும் அந்தக் காசில்தான். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு குஞ்சு இறந்தால் அது சிறிய செய்தி அன்று.

அடை வைத்தல்

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டதும், இடுவதை நிறுத்திவிட்டு அடைக்கு வரும். கூட்டை விட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அப்போது அகன்ற கூடை ஒன்றில் மணலையோ உமியையோ பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, முட்டைகளை வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகவும், கீறல் இல்லாதவையாகவும் தேர்ந்தெடுத்தல் நலம். பத்து அல்லது பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது.

குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும். இடையில் தாய்க்கோழி ஒரு நாளைக்குப் பலமுறை முட்டைகளைப் புரட்டி விடும். உணவுக்காக ஒருமுறை மட்டும் எழுந்து வெளியே வரும். ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலை போன்ற இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

எங்கள் ஆயா, அதாவது என் அம்மாவின் தாயார், அடைக்கூடையில் ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க இதுதான் காவல் என்பது அவர்கள் நம்பிக்கை. அறிவியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் ஆயா அடை வைத்தால் குஞ்சுகள் நன்றாகவே பொரிக்கின்றன. அதற்குக் காரணம் ஆணி அன்று. நாள்தோறும் கூடையை எட்டிப் பார்க்கும் ஆயாவின் அக்கறையே.

முதல் வாரம்

பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு, முட்டையில் எஞ்சிய மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் வரை உணவின்றித் தாங்கும். முதலில் பொரித்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று அவசரப்பட்டு அடைக்கோழியைக் கிளப்பிவிடக் கூடாது. கிளப்பினால் மற்ற முட்டைகள் குளிர்ந்து வீணாகும்.

குஞ்சுக்கு முதல் தேவை வெப்பம். தாய் இருந்தால் கவலையில்லை. அதன் சிறகுக்குள் எல்லாம் அடங்கிவிடும். தாயில்லாக் குஞ்சுகளை வளர்ப்போர், முதல் வாரத்தில் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தர வேண்டும். பின்னர் வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். அட்டைப் பெட்டியில் மின்விளக்கைத் தொங்கவிடுவது வழக்கம். ஆனால் இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சத்தைத் தருமேயன்றிப் போதிய வெப்பத்தைத் தரமாட்டா. பழைய குண்டு பல்பையே இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானிகள்! விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கீச்சிட்டால் குளிர் என்று பொருள். விளக்கை விட்டு விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எங்கும் பரவி நின்று மேய்ந்தால் வெப்பம் அளவாக இருக்கிறது.

தண்ணீரைத் தாழ்ந்த தட்டிலோ கொட்டாங்குச்சியிலோ வைத்து, அதில் சில கூழாங்கற்களைப் போட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு தவறி விழுந்து நனைந்து, குளிரில் விறைத்துவிடும்.

உணவும் நோய்த்தடுப்பும்

அரிசி நொய், கம்பு, உடைத்த மக்காச்சோளம், கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை ஆகியவற்றின் நொய் எல்லாம் குஞ்சுகளுக்கு ஏற்றவை. ஆனால் தானியம் மட்டும் போதாது. வளரும் குஞ்சுக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். கடைத் தீவனம் வாங்க இயலாதவர்களுக்கு நம் கிராமத்து வழி ஒன்று உண்டு. ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு ஆகியவற்றை நிரப்பி, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான்! குஞ்சுகளுக்கு அன்று திருவிழாதான். பூச்சிமருந்து தெளித்த நிலத்தின் அருகே மட்டும் பானையை வைக்கக் கூடாது.

பகலில் காக்கையும் பருந்தும் கீரியும், இரவில் பூனையும் குஞ்சுக்குப் பகைவர்கள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் கல்லொன்றை வைப்பது நல்ல காவல்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பகைவன் வெள்ளைக் கழிச்சல் நோய். உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத் என்னும் மலையூரின் பெயரால் இதை ‘ராணிக்கேத் நோய்’ என்றும் சொல்வர். வந்துவிட்டால் மருந்தில்லை, ஒரே வாரத்தில் தெருவிலுள்ள கோழிகள் பலவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். வருமுன் காப்பதே வழி. ஏழாம் நாளில் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது பொதுவான முறை. கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய நாளில் போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊர் ஊராக முகாம் நடத்துகிறார்கள். அதைத் தவறவிடுவது அறியாமை.

என் பிழை

இவ்வளவும் ஆயா எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. சொல்லாதது ஒன்று இருந்தது. அவர்களுக்கு அது மிகவும் தெரிந்த செய்தி. அதனால் சொல்லத் தோன்றவில்லை போலும்.

சென்ற கோடை விடுமுறையில் சந்தையிலிருந்து இரண்டு குஞ்சுகள் வாங்கி வந்தோம். ஏறக்குறைய ஒரு மாதத்துக் குஞ்சுகள். எங்கள் கறுப்புக்கோழி அப்போது அதே வயதுடைய ஏழு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. “ஏழோடு இரண்டு ஒன்பது, தாய் பார்த்துக்கொள்ளும்” என்று எண்ணி, நடுப்பகலில், தீவனம் வைத்திருந்த நேரத்தில், இரண்டையும் அவிழ்த்து விட்டேன். விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அரை மணி கழித்து வந்து பார்த்தபோது ஒரு குஞ்சு துவைகல்லின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. மற்றொன்றைத் தாய்க்கோழி மட்டுமின்றி, பிற கோழிகளும் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. பின்தலையில் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. சிவப்பு நிறத்தைக் கண்டால் கோழிகள் மீண்டும் மீண்டும் அதே இடத்தில்தான் கொத்தும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குஞ்சை எடுத்து மஞ்சள் வைத்து, மடியில் வைத்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு அது இறந்துவிட்டது.

“கறுப்பியை விற்றுவிடுங்கள் ஆயா, அது கொலைகாரி” என்று அழுதேன். ஆயா என் தலையைத் தடவி, “அதுக்கு என்ன கண்ணு தெரியும்? வரிசை தெரியாம உட்டது நீதான்” என்றார்கள். வரிசையா? கோழிக்கு என்ன வரிசை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரு சிறுவனின் குறிப்பேடு

பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் சொன்ன செய்தி வியப்பாக இருந்தது.

நார்வே நாட்டில் 1894-ஆம் ஆண்டு பிறந்தவர் தோர்லைஃப் ஷெல்டெரூப் எப்பே. சிறு வயதில், பெற்றோரின் கோடைக்கால வீட்டில் வளர்ந்த கோழிகளின்மீது அவருக்கு அளவற்ற ஆசை. ஒவ்வொரு கோழிக்கும் பெயர் வைத்தார். பத்து வயதளவிலேயே எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். வளர்ந்து அறிஞரான பிறகு, 1922-ஆம் ஆண்டில், கோழிகளின் சமுதாய வாழ்வைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். அதை எதுவும் கொத்தாது. இரண்டாம் கோழி முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இவ்வாறே வரிசை இறங்கி, கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். இதையே ஆங்கிலத்தில் ‘பெக்கிங் ஆர்டர்’ என்பர். தமிழில் ‘கொத்து வரிசை’ எனலாம். பிற்காலத்தில் குரங்கு, மாடு முதலிய பல விலங்குகளின் கூட்டங்களை ஆராய்ந்தோருக்கும் இக்கருத்து வழிகாட்டியது. ஒரு சிறுவன் கொல்லையில் உட்கார்ந்து கோழி பார்த்ததன் பயன் இது!

“நீயும் ஒரு குறிப்பேடு போடு” என்றார்கள் அருட்சகோதரி. போட்டேன்.

என் குறிப்பேடு

மாலையில் தீவனம் வைக்கும் நேரத்தில், நாள்தோறும் அரை மணி வீதம், பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஐந்து பெட்டைகளின் பெயர்கள்: கறுப்பி, செவலை, புள்ளி, வெள்ளச்சி, மொட்டைக்கழுத்தி. கட்டம் போட்ட தாளில், யார் யாரைக் கொத்தினாலும் ஒரு கோடு இட்டேன்.

பத்தாம் நாள் தாளைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. கறுப்பியை ஒருவரும் கொத்தவில்லை. மொட்டைக்கழுத்தி ஒருவரையும் கொத்தவில்லை. நடுவிலிருந்த மூன்றில்தான் விந்தை. செவலை புள்ளியைக் கொத்தும். புள்ளி வெள்ளச்சியைக் கொத்தும். வெள்ளச்சியோ செவலையைக் கொத்தும்! தவறாகக் கோடிட்டேனோ என்று மேலும் மூன்று நாள் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இப்படி முக்கோணங்களும் உண்டு என்று அந்த நார்வே அறிஞரே எழுதியிருக்கிறார் என்று அருட்சகோதரி சொன்னபோது, நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. சேவலைப் பெட்டைகள் எதிர்ப்பதில்லை. சேவல்கள் பல இருந்தால் அவற்றுக்குள் தனி வரிசை உண்டு.

வேறொன்றையும் கண்டேன். பெரும்பாலான நேரத்தில் கொத்தே இல்லை. கறுப்பி தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும், மற்றவை விலகிவிடும். ஆகவே இந்த வரிசை சண்டைக்காக ஏற்பட்டதன்று; சண்டையை நிறுத்துவதற்காக ஏற்பட்டது. ஒருமுறை தீர்ந்த வழக்கை நாள்தோறும் மீண்டும் நடத்த வேண்டியதில்லை அல்லவா?

குஞ்சுகளிலேயே இதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். இரண்டு மூன்று வாரக் குஞ்சுகள் எதிரெதிரே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, துள்ளி மோதிக்கொள்ளும். நாம் அதை விளையாட்டு என்று சிரிப்போம். வாரங்கள் செல்லச் செல்ல விளையாட்டு வினையாகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில், தாய் தன் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும் பருவத்தை ஒட்டி, அவற்றுக்குள் வரிசையும் அமைந்துவிடும்.

கோழிகள் ஒன்றையொன்று முகத்தாலும் கொண்டையாலும் அடையாளம் காண்கின்றன. ஆகவே கூட்டத்தில் புதிதாக ஒன்று வந்தால், அதற்கு வரிசையில் இடமில்லை. இடம் ஒன்று கிடைக்கும்வரை எல்லாமே அதைக் கொத்தும். நான் விட்ட குஞ்சுகளுக்கு நேர்ந்தது இதுதான். தாய்க்கோழி பொரித்த சில நாளிலேயே தன் குஞ்சுகளை நன்கு அறிந்துகொள்கிறது. ஒரு மாதம் கழித்து அந்நியக் குஞ்சை ஏற்குமா?

அமெரிக்காவில் குல், ஆலி என்னும் இரு அறிஞர்கள் 1944-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. கோழிகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்த கூட்டத்தில் கொத்து மிகுந்தது, தீனி குறைந்தது, முட்டையும் குறைந்தது. மாற்றாமல் ஒரே கூட்டமாக வைத்தவை அமைதியாக உண்டு, அதிகம் முட்டையிட்டன.

கொத்தைக் குறைக்கும் முறைகள்

வரிசையை நாம் ஒழிக்க முடியாது. ஆனால் அது கொடுமையாக மாறாமல் தடுக்கலாம். நான் கற்றவை வருமாறு:

1. புதிய கோழியைத் தனியே பஞ்சாரத்தில் வைத்து, அந்தப் பஞ்சாரத்தைப் பழைய கோழிகளின் நடுவே ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வைக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்கும், கொத்த இயலாது.

2. ஒன்றைத் தனியாகச் சேர்ப்பதைவிட, இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது. கொத்து பங்கிடப்படும்.

3. தீவனம் வைக்கும் நேரத்தில் விடக் கூடாது. இரவில் எல்லாம் அடைந்தபின் கூட்டில் விட்டு, காலையில் நாமே அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

4. ஒரே தட்டில் தீனி வைத்தால் கடைசிக் கோழி பட்டினிதான். எட்ட எட்ட இரண்டு மூன்று இடங்களில் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும்.

5. ஒளிந்துகொள்ள ஒரு சாய்த்த பலகையோ, பழைய கூடையோ கொல்லையில் இருக்க வேண்டும்.

6. நெருக்கமே கொத்துக்குத் தாய். பெரிய கோழி ஒன்றுக்குக் கூட்டில் இரண்டு சதுர அடி இடமாவது தேவை.

7. இரத்தம் கண்ட கோழியை உடனே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, புண் ஆறும்வரை தனியே வைக்க வேண்டும்.

8. தாய்க்கோழியிடம் அந்நியக் குஞ்சைச் சேர்க்க வேண்டுமானால், பொரித்த ஓரிரு நாளில், இரவில், அதன் சிறகுக்கடியில் மெல்ல நுழைத்துவிட வேண்டும். அதற்குப் பின் சேர்ப்பது பெரும்பாலும் வீண்.

துவைகல்லின் அடியில் ஒளிந்து தப்பிய குஞ்சை இம்முறைப்படியே பஞ்சாரத்தில் வைத்தேன். துணைக்குக் கறுப்பியின் குஞ்சுகளில் சாதுவான ஒன்றையும் உடன் வைத்தேன். பத்தாம் நாள் இரவு இரண்டையும் கூட்டில் விட்டேன். மறுநாள் நான்கைந்து கொத்து வாங்கியது, பலகைக்குப் பின்னே ஓடியது, மீண்டும் வந்தது. மாலையில் தட்டின் ஓரத்தில் நின்று மற்றவற்றோடு தின்றது. அதற்கு ‘வந்தவள்’ என்று பெயரிட்டோம். இப்போது அது விடைக்கோழி. சென்ற மாதம் முதல் முட்டை இட்டது. அம்மா அதை விற்கவில்லை. எனக்கே அவித்துக் கொடுத்தார்கள்.

முடிவுரை

நம் ஆண்டவர் இயேசு, எருசலேம் நகரை நினைந்து வருந்தியபோது, தம்மைச் சிறகுக்குள் குஞ்சுகளைச் சேர்க்க விரும்பும் கோழிக்கு ஒப்பிட்டார் என்று நற்செய்தியில் படிக்கிறோம். கோழியின் அலகையும் அவர் அறிந்திருப்பார். ஆயினும் சிறகையே நமக்கு எடுத்துக்காட்டினார். முன்பு அப்பகுதியைக் கேட்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது ஒவ்வொரு முறையும் துவைகல்லின் அடியில் ஒடுங்கிய அந்தக் குஞ்சு நினைவுக்கு வருகிறது.

ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஆண்டின் நடுவில் வெளியூரிலிருந்து ஒரு மாணவி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். அவள் பேச்சு வேறு மாதிரி இருந்ததால் சிரித்தோம். உணவு இடைவேளையில் யாரும் அவளை அருகில் அமர்த்தவில்லை. பல வாரங்கள் அவள் மரத்தடியில் தனியே உண்டாள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் நாளே ஒருத்தி அவளருகே போய் உட்கார்ந்திருந்தால் போதும். அந்தக் கொத்துகள் பாதியாகக் குறைந்திருக்கும். குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த மாலை ஒன்றில்தான் இது எனக்கு உறைத்தது. மறுநாளே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது இருவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறோம்.

தோழியரே, கோழிக்கு வரிசை இயற்கை தந்தது. அதை மாற்ற அதற்கு அறிவில்லை. நமக்கு அறிவு உண்டு. அடுத்த ஆண்டு நம் வகுப்புக்கு வரும் புதியவளுக்கு முதல் நாளே இடம் கொடுப்போமாக!

பத்தாம் வகுப்பு மாணவி,
கருணாபுரம்.